பெருவின் பச்சை மடிக்கணினியும் மலாவியின் அரை மணி நேரமும்

தொடக்கப் பள்ளிக்குள் கணினி வந்தால் பிள்ளைகளின் படிப்பு முன்னேறுமா? இதற்கு ஆசையில் சொல்லப்படும் பதில்களும் ஏராளம், பயத்தில் சொல்லப்படும் பதில்களும் ஏராளம். அளந்து பார்த்துவிட்டுச் சொன்ன பதில்கள் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தில் தென் அமெரிக்காவின் பெரு நாட்டில் நடந்ததையும் ஆப்பிரிக்காவின் மலாவியில் நடந்ததையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் விஷயம் பிடிபடத் தொடங்குகிறது. பெருவில் ஓர் அரசு லட்சக்கணக்கில் மடிக்கணினி கொடுத்தது. மலாவியில் ஒரே ஒரு பள்ளியின் சின்னப் பிள்ளைகள் தினமும் அரை மணி நேரம் டேப்லெட்டோடு உட்கார்ந்தார்கள். முதலாவதில் கணக்கும் மொழியும் இருந்த இடத்திலேயே இருந்தன. இரண்டாவதில் கணக்கு முன்னேறியது.

இந்த வித்தியாசத்தைச் சாதனத்தின் தரத்தில் தேடினால் கிடைக்காது. பாடவேளையில் பிள்ளையின் கை என்ன செய்துகொண்டிருந்தது, பிள்ளை தப்பாகச் செய்தபோது யார் எவ்வளவு சீக்கிரம் பதில் சொன்னார்கள் என்ற இரண்டு கேள்விகளை வைத்துத்தான் இந்த முயற்சிகளை இங்கே ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.

நூறு டாலர் கணினி

2005 ஜனவரியில் டாவோஸில் நடந்த உலகப் பொருளாதார மாநாட்டில், அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்து மீடியா லேப் என்ற ஆய்வகத்தின் நிக்கோலஸ் நெக்ரோபோன்டே ஓர் அறிவிப்பு செய்தார். ஏழை நாட்டுக் குழந்தை ஒவ்வொன்றுக்கும் நூறு டாலரில் ஒரு மடிக்கணினி. அதே ஆண்டு நவம்பரில் துனிஸ் நகரில் ஐ.நா. பொதுச் செயலாளர் கோஃபி அன்னானோடு மேடையேறி மாதிரிக் கணினியைக் காட்டினார். அதன் பக்கவாட்டில் மஞ்சள் நிறத்தில் ஒரு கைப்பிடி இருந்தது. மின்சாரம் இல்லாத ஊரில் அதைச் சுற்றிச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம் என்பது யோசனை. கடைசியில் தொழிற்சாலையிலிருந்து வந்த கணினியில் அந்தக் கைப்பிடி இல்லை. விலையும் நூறில் நிற்காமல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கானது.

ஆனாலும் எக்ஸ்ஓ என்ற பெயரில் வந்த அந்தக் கணினியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். பச்சையும் வெள்ளையுமாக, 7.5 அங்குலத் திரையோடு, தண்ணீரும் தூசியும் உள்ளே போகாத ரப்பர் விசைப்பலகையோடு, குழந்தையின் கைக்கு அளவெடுத்ததுபோல் இருந்தது. நல்ல வெயிலிலும் திரையில் எழுத்து தெரியும். இரண்டு பக்கமும் முயல் காதுபோல் நிமிரும் ஆண்டெனாக்கள். இணையம் இல்லாவிட்டாலும் பக்கத்துப் பிள்ளையின் கணினியோடு இது நேரடியாகப் பேசிக்கொள்ளும். சின்னப் பிள்ளைகளை மனதில் வைத்து இவ்வளவு யோசித்துச் செய்த கணினி அதற்கு முன் வந்ததில்லை என்றே நினைக்கிறேன்.

அதன் பின்னால் இருந்த சிந்தனையும் லேசானதல்ல. எம்ஐடி கணிதவியலாளர் சீமோர் பேப்பர்ட் தன் சகாக்களோடு 1967-ல் குழந்தைகளுக்காக உருவாக்கிய லோகோ என்ற நிரல்மொழியிலிருந்து அது வருகிறது. கணினி பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதற்குப் பதிலாக, பிள்ளை கணினிக்குச் சொல்லிக்கொடுக்கட்டும் என்பது பேப்பர்ட்டின் வாதம். திரையில் ஓர் ஆமை இருக்கும். "50 முன்னே போ, 90 வலப்பக்கம் திரும்பு" என்பதை நான்கு முறை சொன்னால் ஆமை சதுரம் போட்டுவிடும். அடுத்து முக்கோணம். முக்கோணத்தின் உள்கோணம் 60 என்று பாடத்தில் படித்த பிள்ளை, "50 முன்னே போ, 60 திரும்பு" என்று மூன்று முறை கொடுக்கும். ஆமை முக்கோணம் போடாது. அறுகோணத்தில் பாதியைப் போட்டுவிட்டு நிற்கும். ஏன்? ஆமை திரும்புவது உள்கோணத்தின் அளவுக்கு இல்லை, வெளிக்கோணத்தின் அளவுக்கு. 120 கொடுக்க வேண்டும். இதைப் பிள்ளை தானாகவும் கண்டுபிடிக்கலாம். ஆனால் பெரும்பாலும் நடப்பது வேறு. பக்கத்தில் ஒருவர் குனிந்து, "நீயே ஆமையா நடந்து பாரேன், முனையில எவ்வளவு திரும்புற?" என்று கேட்க வேண்டும். பிள்ளை எழுந்து தரையில் நடந்து, திரும்பி, "அட!" என்று சொல்லும். லோகோவின் சாரம் அந்தக் கேள்வியில் இருக்கிறது. கணினியோடு சேர்த்து அந்தக் கேள்வி கேட்பவரையும் பெட்டியில் வைத்து அனுப்ப முடியாது. பெருவின் கதையைப் புரிந்துகொள்ள இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

பெருவில் என்ன அளந்தார்கள்

2008-ல் பெரு அரசு இந்தத் திட்டத்தைக் கையில் எடுத்தது. உலகிலேயே மிக அதிகமாக எக்ஸ்ஓ கணினி வாங்கிய நாடு அதுதான், எட்டு லட்சத்துக்கும் மேலே. அதுவும் நகரத்தில் தொடங்காமல், மலைப் பகுதியிலும் காட்டுப் பகுதியிலும் இருந்த ஏழைக் கிராமப் பள்ளிகளுக்கு முதலில் கொடுத்தார்கள். அந்த நோக்கத்தை மதிக்கிறேன். வழக்கமாகக் கடைசியில் நிறுத்தப்படும் பிள்ளைகளை வரிசையின் முன்னால் நிறுத்திய திட்டம் அது.

இன்னொரு நல்ல காரியமும் செய்தார்கள். இன்டர்-அமெரிக்கன் வளர்ச்சி வங்கியின் ஆய்வாளர்கள் 319 கிராமப் பள்ளிகளைப் பின்தொடர்ந்தார்கள். ஒரு பகுதிப் பள்ளிகளுக்குக் கணினி கிடைத்தது, மற்றவற்றுக்குக் கிடைக்கவில்லை. சுமார் 15 மாதம் கழித்து இரண்டையும் ஒப்பிட்டு, 2012-ல் முடிவை வெளியிட்டார்கள். கணினி போய்ச் சேர்ந்ததா என்றால், நன்றாகவே சேர்ந்தது. ஒரு மாணவருக்கு 0.12 கணினி என்று இருந்தது 1.18 ஆனது. எட்டுப் பிள்ளைக்கு ஒன்று என்ற நிலை போய், ஆளுக்கு ஒன்றுக்கும் மேல்.

கணக்கிலும் மொழியிலும் தேர்வு வைத்துப் பார்த்தால் முன்னேற்றத்துக்கு அடையாளமே இல்லை. பள்ளியில் சேரும் எண்ணிக்கை, வருகை, வீட்டில் படிக்கும் நேரம், எதுவும் மாறவில்லை. என்னை அதிகம் வருத்தியது புத்தகம் பற்றிய விவரம்தான். அந்தக் கணினிகளில் வயதுக்கேற்ற 200 மின்புத்தகங்கள் ஏற்றப்பட்டிருந்தன. அவர்களில் பெரும்பாலோர் வீட்டில் ஐந்து புத்தகத்துக்கு மேல் இல்லாத குடும்பங்களின் பிள்ளைகள். 200 புத்தகம் கைக்கு வந்தும் வாசிக்கும் பழக்கம் கூடவில்லை. புத்தகம் இருப்பது வேறு, அதை ஒருவர் கூட உட்கார்ந்து படித்துக் காட்டுவது வேறு என்று இதைவிடத் தெளிவாக யாரும் நிரூபித்ததில்லை.

ஒரே ஒரு வெளிச்சம் இருந்தது. வடிவங்களின் வரிசையில் விட்டுப்போன துண்டைக் கண்டுபிடிப்பது போன்ற பொது அறிவாற்றல் சோதனைகளில் கணினி பெற்ற பிள்ளைகள் சற்று முன்னே இருந்தார்கள். ஆனால் பத்தாண்டு அளவிலான பிந்தைய ஆய்வில் அந்த ஆதாயமும் தெரியவில்லை. கணினியை இயக்கும் திறன் கூடியிருந்தது. பள்ளிப் படிப்பு கூடவில்லை.

ஏன் இப்படி? "கிராமத்து ஆசிரியர்களுக்குத் தெரியவில்லை" என்று சுலபமாக முடித்துவிடுகிறார்கள். அது நியாயமில்லை. அங்கே பல பள்ளிகளில் ஒரே ஆசிரியர் பல வகுப்புகளைச் சேர்த்து நடத்துகிறார். அவருக்குக் கிடைத்தது 40 மணி நேரப் பயிற்சி. கணினியை எப்படித் திறப்பது, எந்த நிரல் எங்கே இருக்கிறது என்பதற்கே அது சரியாக இருக்கும். நாளைக் காலை மூன்றாம் வகுப்புக்குக் கழித்தல் நடத்தும்போது இதை எந்த நிமிடத்தில் எடுத்து எதற்குப் பயன்படுத்துவது என்று யாரும் அவரோடு உட்கார்ந்து பேசவில்லை. இணையமோ அனேகமாக எந்தப் பள்ளியிலும் இல்லை.

அப்படியான நிலையில் ஆசிரியர் என்ன செய்வார்? தனக்குத் தெரிந்ததைச் செய்வார். கரும்பலகையில் எழுதிப் போடுவார், பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள். முன்பு நோட்டில் எழுதியதை இப்போது விசைப்பலகையில் தட்டினார்கள். கணினியில் பதிவான பயன்பாட்டைப் பார்த்தாலும் அதுதான் தெரிந்தது. அதிகம் திறக்கப்பட்டவற்றில் எழுதும் நிரல் முன்னே நின்றது. ரப்பர் விசைகளில் ஓர் ஏழு வயதுப் பிள்ளை ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டுவதை நினைத்துப் பாருங்கள். நோட்டில் ஐந்து வரி எழுதும் நேரத்தில் இங்கே ஒரு வரி முடியும். தப்பாகத் தட்டினால் அந்தக் கணினி எதுவும் சொல்லாது. கை ஓயாமல் வேலை செய்கிறது, மனதுக்கு அங்கே வேலையே இல்லை.

வீட்டுக்கு எடுத்துப்போனவர்கள் சுமார் 40 சதவீதப் பிள்ளைகள்தான். உடைந்தால் யார் பொறுப்பு என்ற பயம் பள்ளிக்கும் இருந்தது, பெற்றோருக்கும் இருந்தது. ஏழைக் குடும்பத்துக்கு அந்தப் பயம் எவ்வளவு நியாயமானது என்று விளக்க வேண்டியதில்லை.

அதே கணினி, வேறு வேலை

பெருவுக்கு ஓராண்டு முன்னால், 2007-ல், உருகுவே அதே எக்ஸ்ஓ கணினியோடு தொடங்கியது. சின்ன நாடு, வசதியும் கூடுதல். 2009-க்குள் அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் கணினி சேர்ந்துவிட்டது. பள்ளிகளுக்கு இணையம், பழுது பார்க்கும் ஏற்பாடு என்று பெருவில் இல்லாத பலவும் இருந்தன. அப்படியும் முதல் சில ஆண்டுகளை அளந்தபோது கணக்கிலோ வாசிப்பிலோ ஆதாயம் தெரியவில்லை. ஆகவே பெருவின் சிக்கலை வெறும் ஏழ்மை என்றோ இணையமின்மை என்றோ மட்டும் சொல்லிவிட முடியாது.

உருகுவே அதோடு நிற்கவில்லை. அப்புறம் செய்த இரண்டு காரியங்கள் கவனிக்கத்தக்கவை. ஒன்று, 2013 வாக்கில் வந்த கணக்குப் பயிற்சித் தளம். பிள்ளை ஒரு கணக்கைப் போட்டதும் சரியா தப்பா என்று உடனே சொல்லும், தப்பென்றால் எங்கே சறுக்கியது என்று காட்டும், அடுத்த கணக்கை அந்தப் பிள்ளையின் நிலைக்கேற்பக் கொடுக்கும். இதைப் பயன்படுத்திய பிள்ளைகள் கணக்கில் முன்னேறினார்கள். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளிடம் முன்னேற்றம் இன்னும் அதிகம்.

இரண்டாவது ஆங்கில வகுப்பு. நாலாம் வகுப்பு முதல் ஆறாம் வகுப்பு வரை ஆங்கிலம் நடத்த ஆசிரியர்கள் போதவில்லை. 2012-ல் பிரிட்டிஷ் கவுன்சிலோடு சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்தார்கள். வாரத்தில் ஒரு வகுப்பை வேறெங்கோ இருக்கும் ஆங்கில ஆசிரியர் பெரிய திரையில் நேரலையில் நடத்துவார். மற்ற இரண்டு வகுப்புகளில் அந்தப் பள்ளியின் சொந்த ஆசிரியர் பிள்ளைகளோடு பயிற்சி செய்வார். அவருக்கே ஆங்கிலம் அரைகுறையாக இருக்கலாம், பரவாயில்லை, அவரும் கூடவே கற்றுக்கொள்கிறார். பிள்ளைகளை அறிந்தவர் அவர். பின்வரிசையில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பது யார் என்று திரையில் இருப்பவருக்குத் தெரியாது, இவருக்குத் தெரியும். தொழில்நுட்பத்தை வகுப்பறைக்குள் கொண்டுவர எனக்குத் தெரிந்த வழிகளில் மிக அழகானது இதுதான். திரை வழியாக வந்தது ஒரு மனிதர். அறையில் ஏற்கெனவே இருந்த மனிதரை யாரும் ஓரங்கட்டவில்லை.

மலாவி: ஹெட்போனும் பத்துக் கேள்வியும்

மலாவியில் முதல் வகுப்பில் ஒரு ஆசிரியருக்கு நூறு பிள்ளைகளுக்கு மேல் இருப்பது சாதாரணம். ஒரு கணக்கு நடத்தி முடித்து யாருக்குப் புரிந்தது, யாருக்குப் புரியவில்லை என்று பார்க்கவே அந்த ஆசிரியரால் முடியாது. நூறு நோட்டைத் திருத்த எத்தனை மணி நேரம் வேண்டும்?

இங்கே ஒன்பில்லியன் என்ற பிரிட்டிஷ் தொண்டு அமைப்பு உருவாக்கிய கணக்குச் செயலியைச் சோதித்தார்கள். நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் நிக்கோலா பிட்ச்ஃபோர்டு நடத்திய அந்த ஆய்வு 2015-ல் வெளியானது. செயலி பேசுவது பிள்ளைகளின் வீட்டு மொழியான சிச்சேவாவில். பிள்ளை ஹெட்போன் மாட்டிக்கொள்ளும். ஒரு குரல் "மூன்று மீனை எடுத்து இந்தப் பக்கம் வை" என்கிற மாதிரி ஒரு வேலை சொல்லும். பிள்ளை விரலால் இழுத்து வைக்கும். சரியென்றால் அந்த நொடியே தெரியும். தப்பென்றாலும் அந்த நொடியே தெரியும். புரியவில்லையா, அதே சொல்லைத் திரும்ப எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம். யாரும் சலித்துக்கொள்ள மாட்டார்கள், பக்கத்துப் பிள்ளை சிரிக்காது. ஒரு தலைப்பு முடிந்ததும் பத்துக் கேள்வியில் ஒரு சின்னத் தேர்வு. அதில் எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொன்னால்தான் தேர்ச்சி. ஒன்று தப்பினாலும் திரும்பப் போய்ப் பழகிவிட்டு வர வேண்டும்.

இந்தக் கடைசி விதியில்தான் நிறைய அடங்கியிருக்கிறது. நூறு பேர் வகுப்பில் பாடம் திங்கட்கிழமை ஓரிடத்தில் இருக்கும், செவ்வாய்க்கிழமை அடுத்த இடத்துக்குப் போய்விடும். 7-ஐயும் 9-ஐயும் இன்னும் குழப்பிக்கொள்ளும் பிள்ளையும் கூட்டலுக்கு இழுத்துச் செல்லப்படும். செயலி அப்படி இழுக்காது. அந்தப் பிள்ளை 7-லேயே நான்கு நாள் நின்றாலும் நிற்கும்.

ஆய்வை வடிவமைத்த விதமும் நேர்த்தியானது. முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை மூன்று குழுவாகக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு டேப்லெட்டில் கணக்கு. இன்னொரு குழுவுக்கும் டேப்லெட்தான், ஆனால் கணக்கு இல்லாத வேறு செயலிகள். மூன்றாவது குழு வழக்கமான வகுப்பு. டேப்லெட் என்ற புதுப் பொருளைக் கண்ட உற்சாகத்திலேயே பிள்ளைகள் நன்றாகச் செய்துவிட்டால்? அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கத்தான் நடுக் குழு. இப்படி ஒரு குழு வைக்காத ஆய்வுகளை நான் பாதிதான் நம்புகிறேன். எட்டு வாரம், நாளுக்கு 30 நிமிடம். நடத்தியவர்கள் அந்தப் பள்ளியின் ஆசிரியர்களே. கருவிகளில் ஏதாவது கோளாறு வந்தால் பார்க்க விஎஸ்ஓ என்ற தன்னார்வ அமைப்பு அருகில் இருந்தது.

கடைசிவரை இருந்த 283 பிள்ளைகளின் முடிவைப் பார்த்தால், இரண்டாம், மூன்றாம் வகுப்பில் கணக்குச் செயலிக் குழு மற்ற இரண்டையும் தாண்டியது. வெறும் டேப்லெட் பிடித்த குழுவையும் தாண்டியது. மூன்றாம் வகுப்பில் அந்த முன்னேற்றம் திரையை விட்டுக் காகிதத்துக்கும் வந்தது. பென்சில் பிடித்து எழுதும் தேர்விலும் அவர்கள் முன்னே நின்றார்கள். முதல் வகுப்பில் அப்படி வித்தியாசம் வரவில்லை. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஏனென்றால் சின்னப் பிள்ளைகள் விஷயத்தில் இது ஓர் எச்சரிக்கை. பள்ளிக்கே புதிதாக வந்த பிள்ளைக்கு எட்டு வாரத்தில் அதே பலன் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

இதே செயலியின் ஆங்கில வடிவத்தை இங்கிலாந்தில் 4, 5 வயதுப் பிள்ளைகள் 389 பேரிடம், 12 பள்ளிகளில், 12 வாரம் வைத்துப் பார்த்தார்கள். அங்கேயும் கணக்கில் முன்னேற்றம், சில மாதப் படிப்புக்குச் சமமான அளவு. ஆக, ஆசிரியர் பற்றாக்குறை உள்ள இடத்தில் மட்டும் எடுபடும் விஷயமாக இதைத் தள்ளிவிட முடியாது.

ஆசிரியரே இல்லாமல் செய்தால்?

நல்ல செயலி இருந்தால் போதும், ஆசிரியர் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். அதையும் சோதித்திருக்கிறார்கள். தான்சானியாவின் தாங்கா பகுதியில் சுமார் 170 கிராமங்களில், பெரும்பாலும் பள்ளியைப் பார்த்தே இராத பிள்ளைகளுக்கு டேப்லெட் கொடுத்தார்கள். குளோபல் லேர்னிங் எக்ஸ்பிரைஸ் என்ற போட்டி அது. ஐந்து குழுக்களின் சுவாஹிலி மொழிச் செயலிகள், 15 மாதம். 2019-ல் ஒன்பில்லியனும் கிட்கிட் ஸ்கூல் என்ற இன்னொரு குழுவும் முதல் பரிசைப் பகிர்ந்துகொண்டன. தொடக்கத்தில் 90 சதவீதத்துக்கும் மேலான பிள்ளைகளுக்கு ஒரு சொல்கூட வாசிக்கத் தெரியாது. முடிவில் அந்த எண்ணிக்கை பாதியானது.

பள்ளியே இல்லாத இடத்தில் இது பெரிய சாதனை, சந்தேகமில்லை. ஆனால் மறுபாதியையும் பாருங்கள். 15 மாதம், உலகின் மிகச் சிறந்த செயலிகள், இருந்தும் கிட்டத்தட்ட பாதிப் பிள்ளைகள் ஒரு சொல்கூட வாசிக்கவில்லை. அந்தப் பிள்ளைகள் எந்த இடத்தில் மாட்டிக்கொண்டார்கள் என்று பார்த்து, தோளைத் தட்டி, வேறு மாதிரி சொல்லிக்கொடுக்க அங்கே ஒருவர் இல்லை.

இன்னும் சின்னப் பிள்ளைகள்

மழலையர் வகுப்புக்கு இறங்கினால் நிலைமை மாறுகிறது. குழந்தைகள் மொழி கற்பதை ஆராயும் பட்ரீஷியா குல்லும் சகாக்களும் 2003-ல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. ஆங்கிலம் பேசும் வீட்டு ஒன்பது மாதக் குழந்தைகளோடு மாண்டரின் சீன மொழி பேசுபவர்கள் நேரில் உட்கார்ந்து பேசி விளையாடினார்கள். மொத்தம் 12 அமர்வு, ஒவ்வொன்றும் 25 நிமிடம். அந்தக் குழந்தைகள் மாண்டரின் ஒலி வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டன. அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் திரையில் பார்த்த குழந்தைகள் எதையும் பிடிக்கவில்லை. இன்னொரு ஆய்வில் இரண்டு, இரண்டரை வயதுப் பிள்ளைகளுக்கு வீடியோ அழைப்பில் புதுச் சொல் கற்றுக்கொடுத்தபோது, எதிரே இருப்பவர் பிள்ளைக்கு அப்போதைக்கப்போதே பதில் சொன்னால் பிள்ளை கற்றுக்கொண்டது. முன்பே பதிவு செய்த வீடியோவில் கற்கவில்லை. திரை இருக்கிறதா இல்லையா என்பதைவிட, எதிரே இருப்பவர் தன்னைக் கவனிக்கிறாரா என்பதுதான் குழந்தைக்கு முக்கியம்.

இரண்டு முதல் நாலு வயது வரை உட்கார்ந்து திரை பார்ப்பது நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறைந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. அதை நான் அப்படியே ஏற்கிறேன். மழலையர் பள்ளி அந்த ஒரு மணி நேரத்தில் பங்கு கேட்டால், வீட்டில் ஏற்கெனவே எவ்வளவு போகிறது என்பதையும் கேட்டாக வேண்டும்.

எழுத்துப் பழகுவதில் இன்னும் கவனம் வேண்டும். கேரின் ஜேம்ஸ் 2012-ல் வெளியிட்ட ஆய்வில், இன்னும் வாசிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைகள் எழுத்துகளைத் தாமே எழுதியும், புள்ளி மேல் வரைந்தும், விசையில் தட்டியும் பழகினார்கள். பிறகு அந்த எழுத்துகளைக் காட்டி மூளையைப் படம் எடுத்தபோது, வாசிப்புக்கான பகுதிகள் விழித்துக்கொண்டது தாமே கையால் எழுதிய எழுத்துகளுக்குத்தான். கோணலும் மாணலுமாக ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி எழுதிப் பார்ப்பதில்தான் எது அந்த எழுத்தின் அடையாளம், எது தற்செயல் என்று பிள்ளைக்குப் புரிகிறது என்பது அவர்களின் விளக்கம். விசையில் தட்டும்போது எல்லா எழுத்துக்கும் விரல் ஒரே வேலையைத்தான் செய்கிறது. பெருவின் அந்த ஏழு வயதுப் பிள்ளையை இங்கே மறுபடி நினைத்துக்கொள்கிறேன். அந்தக் கணினி கற்றலுக்கு எதையும் சேர்க்கவில்லை. நோட்டில் எழுதும் பழக்கத்திலிருந்து கொஞ்சத்தை எடுத்துக்கொண்டது.

சுவீடன் 2019-ல் மழலையர் பாடத்திட்டத்திலேயே டிஜிட்டல் கருவிகளைக் கட்டாயமாக்கி, 2023-ல் அரசு அதைத் திருப்ப முடிவு செய்தது, அச்சுப் புத்தகங்களுக்குப் பணம் ஒதுக்கியது. சர்வதேச வாசிப்புத் தேர்வில் நாலாம் வகுப்பின் மதிப்பெண் 2016-ல் 555 இருந்தது 2021-ல் 544 ஆனதைப் பலரும் காரணமாகக் காட்டினார்கள். அந்த இடைவெளியில் பெருந்தொற்றும் வந்துபோனதால் பழியை முழுக்கத் திரையின் மேல் போட எனக்கு மனமில்லை. ஆனால் மூன்று வயதுப் பிள்ளைக்குக் கருவியைக் கட்டாயம் என்று எழுதியதே தவறு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஒரு வகுப்பறைக்கு இதிலிருந்து எடுக்கக்கூடியது

ஆளுக்கு ஒரு கருவி வேண்டும் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடலாம். நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் பத்து டேப்லெட் இருந்தாலே, பத்துப் பேர் அரை மணி நேரம் அதில் வேலை செய்யும்போது மீதி முப்பது பேரோடு ஆசிரியர் நெருக்கமாக உட்காரலாம். குழு மாறி மாறி வரும். ஹெட்போன் இல்லாமல் இதைத் தொடங்கவே கூடாது. பத்துக் கருவி ஒரே நேரத்தில் பேசினால் எந்தப் பிள்ளைக்கும் எதுவும் கேட்காது.

அந்த அரை மணி நேரம் எதிலிருந்து வருகிறது என்பதைத் தலைமை ஆசிரியர் நேர அட்டவணையில் எழுதிக் காட்ட வேண்டும். விளையாட்டிலிருந்தோ கதை சொல்லும் நேரத்திலிருந்தோ எடுத்தால் நான் வேண்டாம் என்பேன். கரும்பலகையைப் பார்த்து எழுதும் நேரத்திலிருந்து எடுத்தால் தாராளமாகச் செய்யலாம்.

செயலியைத் தேர்ந்தெடுக்கப் பெரிய நிபுணத்துவம் தேவையில்லை. ஆசிரியர் தானே உட்கார்ந்து வேண்டுமென்றே தப்பாகப் பதில் கொடுத்துப் பார்க்கட்டும். தப்புக்குச் செயலி என்ன செய்கிறது? வெறுமனே "மீண்டும் முயற்சி செய்" என்கிறதா, ஏதாவது காட்டுகிறதா? கண்ணை மூடிக்கொண்டு கண்ட இடத்தில் தட்டினாலும் அடுத்த கட்டத்துக்குப் போய்விடுகிறதா? போனால் அதை மூடி வைத்துவிடலாம். பிள்ளைகள் அந்த வழியை இரண்டே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள். பேச்சு வீட்டு மொழியில் இருக்கிறதா என்பதை அதற்கும் முன்னால் பார்க்க வேண்டும்.

அப்புறம், வாரத்துக்கு ஒரு முறையாவது ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையும் எந்தத் தலைப்பில் நிற்கிறது என்று பார்த்து, ஒரே இடத்தில் நின்றுவிட்ட மூன்று நான்கு பேரைக் கூப்பிட்டுக் கையில் புளியங்கொட்டையோ கூழாங்கல்லோ கொடுத்து உட்கார வைக்க வேண்டும். தாங்காவில் இல்லாமல் போனது இந்த ஒரு வேலைதான்.

மலாவி அரசு இப்போது அரசுத் தொடக்கப் பள்ளிகளின் முதல் நான்கு வகுப்புகளுக்கு இந்த டேப்லெட் பாடத்தைச் சோலார் வசதியோடு நாடு முழுவதும் கொண்டுபோகிறது. இலக்கு சுமார் 6,000 பள்ளிகள். ஒரு பள்ளியில் விஎஸ்ஓ ஆள் பக்கத்தில் இருந்தபோது கிடைத்த பலன், பக்கத்தில் யாரும் இல்லாத ஆறாயிரமாவது பள்ளியிலும் கிடைக்குமா என்பதுதான் இனி பார்க்க வேண்டியது. எத்தனை டேப்லெட் போய்ச் சேர்ந்தது என்ற எண்ணிக்கை எப்படியும் வெளியாகும். எனக்குத் தெரிய வேண்டியவை வேறு. இரண்டாம் ஆண்டில் அறுந்த ஹெட்போனை யார் மாற்றுகிறார்கள், நேர அட்டவணையில் அந்த அரை மணி நேரம் இன்னும் இருக்கிறதா, முதல் வகுப்புப் பிள்ளைகளின் கணக்கு இந்தத் தடவையாவது முன்னேறியதா.